ஊர்ச் சங்கத்தில் பிள்ளைகளின் சேமிப்புக் கணக்கு: தொடங்குவது முதல் பதினெட்டு வயது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சித்திரை வருடப்பிறப்புக் கழிந்த கிழமையில் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளின் கையில் இருக்கும் காசு கொஞ்சமல்ல. அப்பப்பா தந்த கைவிசேஷம், மாமா தந்தது, வெளிநாட்டிலிருந்து வந்த சித்தப்பா தந்தது என்று எல்லாம் சேரும். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் சம்மாந்துறையிலும் பெருநாள் காசு அதே மாதிரி. பெரும்பாலும் அது ஐஸ்பழம், கச்சான், பிளாஸ்டிக் துவக்கு என்று சில நாளில் முடிந்துவிடும். இல்லாவிட்டால் "தா மகன், அம்மா வச்சுத் தாறன்" என்று வாங்கப்பட்டு கரண்ட் பில்லுக்குப் போய்ச் சேரும். கஷ்டப்பட்ட வீட்டில் அது நடக்கத்தான் செய்யும்; தாயைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பிள்ளை ஒன்றைப் படித்துவிடுகிறது: பெரிய ஆக்களிடம் கொடுத்த காசு திரும்பி வராது.

இந்தப் பாடத்தை மாற்ற ஊரில் இயங்கும் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தால் முடியும். பிள்ளை தன் கையால் போட்ட காசு, பிள்ளை சொன்ன தேவைக்கு, சொன்ன நாளில், பிள்ளையின் கைக்கே திரும்ப வேண்டும். சிறுவர் சேமிப்புத் திட்டத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பரிசு, போட்டி, வண்ணப் புத்தகம் எல்லாம் அதற்குப் பிறகுதான். சங்க நிருவாகக் குழுவில் இருப்பவர்கள், பாடசாலை ஆசிரியர்கள், பிள்ளைக்குக் கணக்குத் திறக்க நினைக்கும் பெற்றோர் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

வங்கி இருக்கச் சங்கம் எதற்கு?

அரச வங்கிகளிலும் தனியார் வங்கிகளிலும் சிறுவர் கணக்குகள் உண்டு. அவை நல்லவை, பாதுகாப்பானவை. பிள்ளையின் பெரிய தொகையை அங்கே வைப்பதுதான் புத்தி என்றும் சொல்வேன். ஆனால் கொக்கட்டிச்சோலைக்கு உள்ளே, வெல்லாவெளிக்கு அப்பால் இருக்கும் பிள்ளை ஐம்பது ரூபாயைப் போட பஸ் ஏறி நகரத்து வங்கிக்குப் போகாது. போனாலும் அந்த ஐம்பது ரூபாய் எங்கே போனது என்று அதற்குத் தெரியப்போவதில்லை.

சங்கத்தின் பலம் அங்கேதான். ஜெர்மனியில் 1864 இல் ஹெடெஸ்டோர்வ் என்ற ஊரில் ரைஃபைசன் அமைத்த கடன் சங்கத்திலிருந்து இன்றுவரை அடிப்படை ஒன்றுதான்: ஒருவரை ஒருவர் தெரிந்த ஆட்கள் காசைச் சேர்த்து, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து, ஆளுக்கு ஒரு வாக்கு என்ற முறையில் நிருவகிப்பது. இலங்கையில் 1911 ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தோடு இதற்குச் சட்ட அந்தஸ்து வந்தது. 1978 இல் கிரிவந்தெனிய என்பவரின் முயற்சியால் சணச (சிக்கன கடனுதவு சங்கம் என்பதன் சிங்களச் சுருக்கம்) இயக்கமாக அது மீண்டும் எழுந்தது. பிள்ளை போட்ட காசு நாலு வீடு தள்ளி இருக்கும் மாமியின் கோழிக்கூடாக நிற்பதைப் பிள்ளையின் கண்ணுக்குக் காட்டச் சங்கத்தால்தான் முடியும்.

ஒரு விடயத்தைப் பெற்றோரிடம் மறைக்கக் கூடாது. மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதித் திட்டம் உரிமம் பெற்ற வங்கிகளுக்கும் நிதிக் கம்பனிகளுக்கும் உரியது. அதில் வைப்பாளர் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. கூட்டுறவுச் சங்கங்கள் அந்தத் திட்டத்துக்குள் இல்லை. அவற்றை மேற்பார்வை செய்வது மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களம். ஆகவே பெற்றோர் கேட்க வேண்டியவை இவை: சங்கம் பதிவுசெய்யப்பட்டதா, கடைசியாக எந்த ஆண்டுக்குக் கணக்காய்வு முடிந்தது, வருடாந்தப் பொதுக்கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, நிலுவைக் கடன் எவ்வளவு. இவற்றுக்கு முகம் சுழிக்காமல் பதில் சொல்லும் சங்கத்தில் பிள்ளையின் கணக்கைத் திறக்கலாம். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு" என்றால் வேறு இடம் பாருங்கள்.

முதலாவது: சங்கம் தன்னைத் தயார்ப்படுத்துவது

பிள்ளைகளிடம் போகுமுன் குழுவுக்குள் பேசி முடிக்க வேண்டியவை உண்டு. துணைவிதிகளை எடுத்து வாசியுங்கள். அங்கத்தவர் அல்லாத சிறுவரிடம் வைப்பு ஏற்க அவை இடம்தருகின்றனவா? பாதுகாவலர் பற்றி என்ன சொல்கின்றன? இடம் இல்லாவிட்டால் பொதுக்கூட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, கூட்டுறவு அபிவிருத்தி உத்தியோகத்தரின் உதவியோடு திருத்தத்தைப் பதிவுசெய்த பிறகே தொடங்க வேண்டும். நாள் பிடிக்கும் வேலைதான். இருந்தாலும் பிள்ளைகளின் காசை விதிக்கு வெளியே வாங்குவதற்கு எந்த அவசரமும் நியாயம் ஆகாது.

அடுத்தது கையிருப்பு. பெரியவர்களின் வைப்பு ஒவ்வொன்றாக வெளியே போகும். பிள்ளைகளின் காசு ஒரே கிழமையில் போகும். புதிய கல்வியாண்டு தொடங்குமுன் கொப்பி, சப்பாத்து, புத்தகப்பை. சித்திரைக்கும் பெருநாளுக்கும் உடுப்பு. அந்தக் கிழமையில் "காசு கடனில நிக்குது, வாற மாசம் வாங்கோ" என்று ஒரு பிள்ளைக்குச் சொன்னால் திட்டம் அன்றோடு முடிந்தது. பிள்ளைகளின் மொத்தச் சேமிப்பில் ஒரு பெரிய பங்கைக் கடனுக்கு விடாமல், அரச வங்கி ஒன்றில் சங்கத்தின் பேரில் தனியாக வைத்திருங்கள். என் கணிப்பில் முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பாதிக்குக் குறையாமல் வைப்பது நல்லது. பிறகு, எந்த மாதத்தில் எவ்வளவு வெளியே போகிறது என்பது உங்கள் பேரேட்டிலேயே தெரியவரும்.

ஆளையும் தெரிவுசெய்ய வேண்டும். பிள்ளைகளோடு பழகத் தெரிந்த, கணக்கில் சுத்தமான இரண்டு பேர். ஒருவர் போதாது. காசு எண்ணும் இடத்திலும் பிள்ளைகள் நிற்கும் இடத்திலும் எப்போதும் இருவர் இருப்பது பிள்ளைக்கும் பாதுகாப்பு, அந்த ஆளின் பெயருக்கும் பாதுகாப்பு.

இரண்டாவது: கணக்கின் விதிகளை எழுதுவது

ஒரு பக்கத்துக்குள் அடங்கும் எளிய தமிழில் விதிகளை எழுதி, கணக்குத் திறக்கும் நாளில் பிள்ளைக்கும் பாதுகாவலருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

தொடக்கத் தொகை சிறிதாக இருக்கட்டும். நூறு ரூபாய் இல்லாத பிள்ளைக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். தேவைப்படுவது பிறப்புச் சான்றிதழின் பிரதி, பாதுகாவலரின் அடையாள அட்டைப் பிரதி, படம் ஒன்று, பிள்ளையின் கையொப்பம். எழுதப் பழகும் வயதென்றால் பெயரைத் தன் கையால் எழுதினால் போதும். சட்டப்படி அந்தக் கையொப்பத்துக்குப் பெறுமதி இல்லாவிட்டாலும், புத்தகத்தில் தன் எழுத்தைக் காணும் பிள்ளை அந்தப் புத்தகத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுக்கும்.

பாதுகாவலர் யார் என்பது நம் மாவட்டங்களில் இலகுவான கேள்வி அல்ல. தாய் குவைத்திலோ சவூதியிலோ வேலை செய்ய, பிள்ளை அம்மம்மாவோடு வளரும் வீடுகள் எத்தனையோ. தகப்பன் வேறு குடும்பம் ஆகிப்போன வீடுகளும் உண்டு. தாயின் கடிதமும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் இருந்தால் அம்மம்மாவைப் பாதுகாவலராக ஏற்கும் வழியை விதியிலேயே எழுதிவையுங்கள். பிள்ளையோடு இருக்காத ஒருவர் திடீரென்று வந்து காசை எடுக்க முடியாதபடியும் எழுதுங்கள்.

இன்னும் மூன்று விதிகளில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பேன். பணம் எடுக்கும்போது பிள்ளை நேரில் இருக்க வேண்டும். எடுக்கும் காரணம் பிள்ளையின் வாயால் வர வேண்டும். பெற்றோரின் கடனுக்குப் பிள்ளையின் கணக்கு ஒருநாளும் பிணை ஆகக் கூடாது. கடைசி விதிக்குக் குழுவுக்குள்ளேயே எதிர்ப்பு வரலாம். கடன் அறவிட வசதி என்று சிலர் சொல்வார்கள். அந்த வசதிக்கு விலை பிள்ளையின் நம்பிக்கை. கொடுக்காதீர்கள்.

வட்டி பற்றி: ஊரில் முஸ்லிம் குடும்பங்கள் இருந்தால் வட்டி வேண்டாம் என்பவர்களுக்கு வட்டி சேராத கணக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். அந்தக் காசு எதில் பயன்படுகிறது என்பதையும் அவர்கள் கேட்பார்கள், கேட்க உரிமை உண்டு. முழாரபா முறையில், அதாவது முதல் போட்டவரும் தொழில் செய்பவரும் வட்டியில்லாமல் இலாபத்தைப் பங்கிடும் இஸ்லாமிய முறையில், இலாபப் பகிர்வு செய்யச் சங்கத்துக்கு அறிவும் கணக்கும் இருந்தால், ஊர்ப் பள்ளிவாசலின் உலமாக்களோடு பேசிச் செய்யலாம். பெயரை மட்டும் மாற்றி வட்டியைக் கொடுப்பது ஏமாற்று.

பணத்தை எப்போது எடுக்கலாம்? வங்கிகளின் சிறுவர் கணக்குகள் பொதுவாகப் பதினெட்டு வயது வரை பூட்டப்பட்டிருக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பத்து ஆண்டு என்பது கற்பனைக்கு எட்டாத தூரம். ஆகவே ஒரே புத்தகத்தில் இரண்டு பகுதி வைக்கும் முறையை நான் விரும்புகிறேன். ஒன்று நோக்கச் சேமிப்பு: மூன்று மாதம், ஆறு மாதம் என்று பிள்ளையே குறித்த பொருளுக்கு. மற்றது நீண்டகாலச் சேமிப்பு: உயர்கல்வி, தொழில், கடும் நோய் தவிர வேறெதற்கும் திறக்காதது. வாரக் காசைப் பிள்ளையே இரண்டாகப் பிரித்துப் போடட்டும். அந்தப் பிரிப்பில் இருக்கும் யோசனையே பாதிப் படிப்பு.

மூன்றாவது: சேமிப்பு நாள்

இந்த இடத்தில்தான் திட்டங்கள் வாழ்வதும் சாவதும்.

நாள் ஒன்றைக் குறித்தால் அது மாறக் கூடாது. புதன்கிழமை என்றால் ஒவ்வொரு புதனும். ஒரு கிழமை அலுவலர் வரவில்லை என்றால் பிள்ளை அடுத்த கிழமை காசு கொண்டுவராது; கொண்டுவர இருந்த காசு இடைவேளையில் கன்ரீனுக்குப் போயிருக்கும். தவணை விடுமுறையில் என்ன செய்வது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் விடுமுறை வரும் என்பதால் இரண்டு வகைப் பாடசாலைகளிலும் வேலை செய்யும் சங்கம் இரண்டு நாட்காட்டி வைத்திருக்க வேண்டும். விடுமுறைக் காலத்தில் சங்கக் கட்டடத்திலோ அறநெறிப் பாடசாலையிலோ அதே கிழமை, அதே நேரத்தில் மேசையைப் போடலாம்.

பாடசாலைக்குள் செய்வதென்றால் அதிபரின் எழுத்து அனுமதியும் வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியும் பெறுங்கள். ஆசிரியரின் தலையில் காசு சேகரிக்கும் பொறுப்பைச் சுமத்தாதீர்கள். அவர் பிள்ளைகளை வரிசையாக அனுப்பினால் போதும். காசு வாங்குவதும் எழுதுவதும் சங்கத்தின் வேலை.

மேசையில் நடக்க வேண்டிய ஒழுங்கு இது. பிள்ளை தன் காசைத் தானே எண்ணி, தொகையைச் சத்தமாகச் சொல்கிறது. அலுவலர் ஒருவர் மறுபடி எண்ணுகிறார். புத்தகத்தில் தொகையை எழுதி, கூட்டிய மீதியையும் எழுதி ஒப்பமிடுகிறார். இரண்டாமவர் அதே நேரத்தில் சங்கத்தின் பதிவேட்டில் எழுதுகிறார். தரம் 4க்கு மேற்பட்ட பிள்ளை என்றால் புதிய மீதியைப் பிள்ளையே கூட்டிச் சொல்லட்டும். பிழைத்தால் பொறுமையாகத் திருத்துங்கள். புத்தகம் பிள்ளையின் கைக்குத் திரும்புகிறது. பிள்ளை புத்தகத்தை மறந்து வந்தால் பற்றுச்சீட்டு இல்லாமல் காசை வாங்கவே கூடாது. முடிந்ததும் இருவரும் மொத்தத்தை எண்ணி, பதிவேட்டோடு பொருத்தி, இருவரும் ஒப்பமிட்டு, அன்றைக்கே சங்கத்தின் பெட்டகத்துக்கோ வங்கிக்கோ கொண்டுபோக வேண்டும். ஓர் இரவுகூட யாருடைய வீட்டிலும் அந்தக் காசு தங்கக் கூடாது. மாதம் ஒருமுறை, சேகரிக்கப் போகாத குழு உறுப்பினர் ஒருவர் சில பிள்ளைகளின் புத்தகத்தைப் பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

தொகையைச் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். அது மேசைக்குக் கேட்டால் போதும், வகுப்புக்குக் கேட்கத் தேவையில்லை. யார் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது கொடுமை. கடைக்காரரின் மகனும் கூலி வேலைக்குப் போகும் தாயின் மகளும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். "அதிகம் சேமித்தவருக்கு முதற்பரிசு" என்றால் பரிசு கிடைப்பது பெற்றோரின் சட்டைப்பைக்கு. தவறாமல் வந்த வாரங்களை எண்ணுங்கள். பத்து ரூபாயோடு பத்து வாரம் வந்த பிள்ளையும் ஆயிரம் ரூபாயோடு பத்து வாரம் வந்த பிள்ளையும் ஒரே கொப்பியை, ஒரே பேனையைப் பெறட்டும். காசு இல்லாத கிழமையில் புத்தகத்தோடு மட்டும் வந்து "இண்டைக்கு இல்ல மிஸ்" என்று சொல்லும் பிள்ளைக்கும் அந்த வாரத்தை எண்ணிக் கொடுங்கள். வருமானம் பெரும்போக அறுவடையோடும் மீன்பாட்டோடும் ஏறி இறங்கும் ஊர்களில் இது அவசியம். மாசி, பங்குனியில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் அறுவடைக் காசு புழங்கும். புரட்டாதி, ஐப்பசியில் விதைப்புச் செலவில் வீடு வெறுமையாக இருக்கும். பிள்ளையின் புத்தகத்திலும் அந்த ஏற்ற இறக்கம் தெரியும், அதில் குற்றம் ஏதும் இல்லை.

நான்காவது: வயதுக்கேற்ற பாடம்

சேமிப்பு நாளில் பத்து நிமிடம் கூடக் கிடைத்தால் போதும்.

ஐந்து முதல் எட்டு வயது வரை குற்றிக்காசும் தாளும்தான் பாடம். எண்ணுவது, பிரிப்பது, "இது வேணும், இது விருப்பம்" என்று இரண்டு பக்கமாகப் படங்களை அடுக்குவது. உள்ளே இருப்பது வெளியே தெரியும் போத்தல் உண்டியலைக் கொடுங்கள். மண் உண்டியலை உடைக்கும்வரை எதுவும் தெரியாது. போத்தலில் மட்டம் ஏறுவதைப் பிள்ளை தினமும் பார்க்கும்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நோக்கம் வைக்கும் வயது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போகும் பிள்ளை அங்கே கடைவீதியில் என்ன வாங்க ஆசைப்படும் என்று வைகாசியிலேயே கேளுங்கள். எண்ணூறு ரூபாய் வேண்டும், எட்டு வாரம் இருக்கிறது, வாரம் எவ்வளவு? பிள்ளை நூறு என்று சொல்லும். அந்த நூறு எங்கிருந்து வரும்? இங்கே உண்மையான பேச்சு தொடங்கும். இடைவேளைக் காசில் மிச்சமா, அப்பம்மா தருவதா, வீட்டுத் தோட்டத்துக் கத்தரிக்காய் விற்றதா? எட்டாவது வாரம் அந்தக் காசை எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளை தனக்குப் பிடித்ததை வாங்கட்டும். அது பெரியவர் கண்ணுக்கு வீண் பொருளாகத் தெரியலாம். தலையிடாதீர்கள். தான் காத்திருந்து வாங்கிய பொருள் ஒரு கிழமையில் உடைந்தால் அடுத்த முறை வேறு பொருளைத் தெரிவுசெய்யப் பிள்ளைக்கே தெரியும்.

இந்த வயதில்தான் அந்தக் கேள்வியும் வரும்: "மிஸ், என்ட காசு இப்ப எங்க இருக்கு?" பெட்டகத்தில் என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். அறுபது பிள்ளைகள் வாரம் நூறு ரூபாய் போட்டால் 6,000. நான்கு வாரத்தில் 24,000. அதில் 12,000 வங்கியில் பாதுகாப்பாக. மற்ற 12,000 ஊரில் ஒருவருக்கு வலை வாங்கவோ கோழி வளர்க்கவோ கடனாகப் போகிறது. அவர் வட்டியோடு திருப்பிக் கட்டுகிறார். அந்த வட்டியில் ஒரு பங்கு உங்களுக்கு, ஒரு பங்கு சங்கச் செலவுக்கு, ஒரு பங்கு ஒதுக்கத்துக்கு. கடன் எடுத்தவரின் பெயரைச் சொல்லக் கூடாது. ஆனால் விருப்பப்படும் அங்கத்தவர் ஒருவரின் தொழிலிடத்தைப் போய்ப் பார்க்க முடிந்தால், ஏறாவூர்த் தறியோ செங்கலடிப் பக்கத்து மாட்டுப் பட்டியோ, எந்தப் பாடப்புத்தகமும் அதற்கு ஈடாகாது.

பதின்மூன்றுக்கு மேல் பேச வேண்டியது கடன். நமது மாவட்டங்களில் இதைத் தவிர்த்துச் சேமிப்பைப் பற்றி மட்டும் பேசுவது பொறுப்பில்லாத செயல். கிழமைக்கிழமை நுண்கடன் அறவிட வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு தாய் பின் வளவில் ஒளிந்ததைப் பார்த்த பிள்ளைகள் இந்த வகுப்பில் இருக்கிறார்கள். 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வந்தது. அந்த 12 இல் மட்டக்களப்பும் அம்பாறையும் அடங்கும். ஆகவே பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கைச் செய்து காட்டுங்கள். 12,000 ரூபாய் கடன், 12 மாதம், மாதம் 2 சதவீத வட்டி. நிலையான வட்டி என்றால் கடன் குறையக் குறையவும் முழுத்தொகைக்கே வட்டி: மாதம் 240, ஆண்டுக்கு 2,880. குறைந்துசெல்லும் மீதிக்கு வட்டி என்றால், மாதம் ஆயிரமாக முதலைக் கட்டிவர, மொத்த வட்டி 1,560. இரண்டு இடத்திலும் விளம்பரத்தில் இருப்பது அதே 2 சதவீதம். இந்தக் கணக்கை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாயிடம் காட்டும் மகள் அந்த வீட்டுக்கே உதவி செய்கிறாள்.

விலைவாசியையும் மறைக்காதீர்கள். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதம். அந்த ஆண்டு உண்டியலில் இருந்த காசு எண்ணிக்கையில் குறையவில்லை, வாங்கும் சக்தியில் குறைந்தது. "அப்ப ஏன் சேமிக்க வேணும்?" என்று கேட்கும் பிள்ளை புத்திசாலி. உண்மையைச் சொல்லுங்கள்: விலை வேகமாக ஏறும் காலத்தில் வருங்காலத்தில் கட்டாயம் தேவைப்படும் பொருளை முன்கூட்டி வாங்குவதும் சேமிப்புத்தான். நிதானமான காலத்தில் நல்ல வட்டி தரும் நிலையான வைப்பு பொருந்தும். எழுபத்திரண்டை வட்டி வீதத்தால் வகுத்தால் காசு இரட்டிப்பாக ஏறக்குறைய எத்தனை ஆண்டு என்று வரும், 8 சதவீதம் என்றால் 9 ஆண்டு. அதே கணக்கில் பணவீக்கம் 8 என்றால் விலையும் 9 ஆண்டில் இரட்டிக்கும். இரண்டையும் ஒன்றாகவே கற்பியுங்கள்.

மாரி, இடம்பெயர்வு, நின்றுபோன கணக்குகள்

கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வந்தால் படுவான்கரையின் சில ஊர்களுக்கு வழி இல்லை. அந்த மாதங்களுக்கான மாற்றுத் திட்டம் ஐப்பசியிலேயே தயாராக வேண்டும்: ஊருக்குள் இருக்கும் அங்கத்தவர் இருவர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு பொறுப்பேற்பதா, மூன்று வாரத்துக்கு நிறுத்துவதா என்று. நிறுத்துவதென்றால் எந்தத் தேதியில் மீண்டும் தொடங்கும் என்பதைப் பிள்ளைகளின் புத்தகத்திலேயே எழுதிவிடுங்கள். புத்தகங்களுக்குப் பொலித்தீன் உறை போட்டுக் கொடுங்கள். சங்கத்தின் பேரேட்டுக்கு வேறொரு கட்டடத்தில் ஒரு பிரதி வையுங்கள். 2004 மார்கழி 26 இல் கடல் கொண்டுபோனவற்றில் ஆவணங்களும் அடங்கும் என்பதைக் கல்முனைக்கும் திருக்கோவிலுக்கும் யாரும் நினைவூட்டத் தேவையில்லை.

ஆறு வாரம் தொடர்ந்து வராத பிள்ளையைத் தேடிப் போக வேண்டும். பெரும்பாலும் காரணம் காசு அல்ல. வீடு மாறியிருக்கும், பாடசாலையை விட்டிருக்கும், வேலைக்கு அனுப்பப்பட்டிருக்கும். பிந்தைய இரண்டிலும் அதிபருக்கும் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் தெரியப்படுத்துவது சங்கத்தின் கடமை. ஊர் மாறிய பிள்ளையின் காசை அங்குள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்பிவையுங்கள். சிறிய தொகைதானே என்று பேரேட்டில் தூங்க விடக் கூடாது.

எப்போது தொடங்குவது?

உலக சேமிப்பு தினம் ஒக்டோபர் 31. 1924 இல் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் மாநாட்டில் முடிவானது. ஒக்டோபரின் மூன்றாவது வியாழன் சர்வதேசக் கடன் சங்க தினம், 1948 முதல். இரண்டையும் பாடசாலையில் சித்திரம், வினாவிடைப் போட்டிகளோடு கொண்டாடலாம். அயர்லாந்தின் கடன் சங்கங்கள் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வினாவிடைப் போட்டி நடத்துவது பெயர்போன வழக்கம். ஆனால் புதிய கணக்குத் திறக்க ஒக்டோபர் நமக்குப் பொருந்தாது. கையில் காசில்லாத, மழை தொடங்கும் மாதம் அது. அமெரிக்கக் கடன் சங்கங்கள் இளையோர் மாதமாக வைத்திருப்பது ஏப்ரலை. நமக்கும் அதுவே வாய்ப்பு: அறுவடை முடிந்து, கைவிசேஷம் கையில் இருக்கும் நேரம். வருடப்பிறப்புக்கு அடுத்த சேமிப்பு நாளில் கணக்குத் திறப்பை வையுங்கள். முஸ்லிம் ஊர்களில் நோன்புப் பெருநாளுக்கு அடுத்த கிழமை.

பிள்ளைகளின் குழு, பிறகு பதினெட்டு

பிலிப்பைன்ஸில் பதினெட்டு வயதுக்குட்பட்ட மாணவர்கள் பெரிய கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பாதுகாப்பில் தங்கள் சொந்தப் பயிற்சிச் சங்கத்தை நடத்த அந்நாட்டுக் கூட்டுறவுச் சட்டமே இடம்தருகிறது. நமது சங்கங்களும் இந்த அளவுக்காவது செய்யலாம்: தரம் 8க்கு மேற்பட்ட சேமிப்பாளர்கள் ஆண்டுக்கொருமுறை தங்களுக்குள் தலைவர், செயலாளர், பொருளாளரைத் தெரிவுசெய்யட்டும், இரகசிய வாக்கில். பரிசுக்கு ஒதுக்கிய தொகையை எப்படிச் செலவிடுவது என்று அவர்களே தீர்மானிக்கட்டும். அறிக்கை எழுதி, சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கட்டும். பெரியவர்கள் அமர்ந்து கேட்க வேண்டும், இடையில் தேநீர் பரிமாறக் கூடாது. அவர்கள் கேள்வி கேட்டால் முகாமையாளர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும்.

பதினெட்டு வயதாவதற்கு மூன்று மாதம் முன்பே கடிதம் ஒன்று அனுப்புங்கள், பாதுகாவலருக்கல்ல, பிள்ளையின் பெயருக்கு. அதில் மீதி எவ்வளவு, அங்கத்தவராகச் சேரப் பங்குப் பணம் எவ்வளவு, சேர்ந்தால் கிடைக்கும் வாக்குரிமை, சேராவிட்டால் காசு எப்படித் திருப்பித் தரப்படும் என்பவை இருக்கட்டும். அடையாள அட்டையோடு வந்ததும் பாதுகாவலரின் கையொப்பத்தை நீக்கிப் புதிய மாதிரிக் கையொப்பம் எடுங்கள். பல்கலைக்கழகத்துக்கோ கொழும்பு வேலைக்கோ போகிறவர்கள் முழுத்தொகையையும் எடுப்பார்கள். தடுக்காமல், அன்றைக்கே, பழைய புத்தகத்தை முத்திரையிட்டு அவர்களிடமே கொடுத்து அனுப்புங்கள். ஊரில் இருப்பவர்களின் பெயரை அடுத்த பொதுக்கூட்ட அழைப்பிதழ்ப் பட்டியலில் சேருங்கள்.